சமரீன் இழுத்த இழை

சமரீனும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தோம் என்று சொன்னால் அதில் பாதி பொய். உட்கார்ந்தது நான். அவள் எங்கே உட்கார்ந்தாள்? ஜன்னலுக்கும் மேஜைக்கும், மேஜைக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பேனாவை எடுப்பாள், வைப்பாள், மூடியைக் கழற்றுவாள், மறுபடி போடுவாள். "எம்மா தாயே, ரெண்டு நிமிசம் சும்மா இரு, எனக்குத் தல சுத்துது" என்று கத்துவேன். "இருக்கேன் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த நடைக்குக் கிளம்பிவிடுவாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கோ இருப்புக்கொள்ளாத உடம்பு. இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்ட புண்ணியவான் எங்கள் வழிகாட்டி குப்புராஜ் சார்.

எங்கள் கல்லூரி தர்மபுரியிலிருந்து நல்லம்பள்ளி போகும் வழியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரி போனால் மேஜைமேல் இருக்கும் டீயில் வட்டம் வட்டமாக அலை வரும். இங்கே இருந்துகொண்டு தலைமுடியைவிட மெலிதான இழையில் லேசர் செய்கிறோம் என்றால் வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிரிக்கட்டும், யாருக்கு என்ன?

அவள் செய்தது இதுதான். கொஞ்சம் ரப்பர் குணமுள்ள பிளாஸ்டிக்கைக் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவருவாள். அதில் ரோஸ் நிறச் சாயம் கொஞ்சம் கலப்பாள். ஊசி முனையால் அந்தக் குழம்பைத் தொட்டு மெதுவாக மேலே இழுப்பாள். காற்றில் வரும்போதே அது காய்ந்து இழையாகிவிடும். வேகமாக இழுத்தால் அறுந்துபோகும், மெதுவாக இழுத்தால் முடிச்சு முடிச்சாகத் தடிக்கும். அந்த நேரத்தில் மட்டும்தான் சமரீன் அசையாமல் நின்று நான் பார்த்திருக்கிறேன். மூச்சுகூட விடமாட்டாள். முடிந்ததும் மறுபடி நடை.

இழையின்மேல் பச்சை லேசரை விட்டு விட்டு அடித்தால் உள்ளே இருக்கும் சாயம் விழித்துக்கொண்டு ஆரஞ்சாக ஒளிரும். அந்த ஒளி சட்டென்று வெளியே வராது. இழையின் உள் விளிம்பை ஒட்டியே வட்டமடிக்கும். திருவிழாவில் மரணக்கிணறு போடுவார்களே, அதில் மோட்டார் சைக்கிள் சுவரோடு சுவராகச் சுற்றுகிற மாதிரி. சுற்று அச்சாகப் பொருந்துகிற நிறங்கள் மட்டும் வலுத்து வலுத்து லேசராக வெளியே வரும். கம்ப்யூட்டர் திரையில் அவை சீப்பின் பற்கள்போல வரிசையாக நிற்கும். இழையை நீட்டினால் அது மெலியும், சுற்று சிறிதாகும், பற்கள் எல்லாம் கூட்டமாக மஞ்சள் பக்கம் நகரும். விட்டால் திரும்பி வரவேண்டும். இப்படி ஒரு இழையைப் பட்டையில் வைத்து நெஞ்சில் ஒட்டினால் மூச்சு ஏறி இறங்குவதைக்கூட நிறத்தில் படித்துவிடலாம் என்பது அவள் கனவு.

வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க அவள் பட்ட பாடு தனி. அவள் அப்பா தாவூதுக்குத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பை ரிப்பேர் கடை. ஸ்கூல் பை, டிராவல் பை, ஜிப் போனது, வார் அறுந்தது எல்லாம் அவரிடம்தான் வரும். மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "பிளாஸ்டிக் நூல்ல லைட்டு எரிய வெக்கிறா" என்பார். அது அரூர் வரைக்கும் பரவி, ஒருநாள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "சீரியல் செட்டாம்மா அது? நம்ம பையன் நிக்காவுக்கு வாசல்ல போட்டுக் குடுக்கிறியா?" என்று கேட்டிருக்கிறார். "போடலாம் மாமூ, ஆனா வர்றவங்க எல்லாரும் மைக்ராஸ்கோப்பு எடுத்துட்டு வரணும்" என்றாளாம் இவள். அவள் அம்மா அக்தர் பேகம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை எனக்கு நடித்தே காட்டினாள். அந்த அம்மா ஒருநாளும் "எப்ப முடிப்ப?" என்று மகளைக் கேட்டதில்லை. கேட்காததுதான் தனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது என்பாள் சமரீன்.

போன வருடம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஆய்வு மதிப்பீட்டுக்குச் சேலத்திலிருந்து சகாயமேரி மேடம் வந்தார். கண்டிப்பானவர், ஆனால் வன்மம் கிடையாது. சமரீனின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பல்லு நகருது, சரி. நீ நீட்டுனதால நகருதா, இல்ல லேசர் சூட்டுல நகருதா? சூடு பட்டாலும் இதே பக்கம்தானே நகரும்?"

சமரீன் பேனா மூடியைக் கழற்றி மறுபடி போட்டாள். நீட்டிக்கொண்டே போகும்போது லேசரும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, இழையும் சூடாகிக்கொண்டுதான் இருக்கிறது. எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது? நீட்டி, விட்டு, மறுபடி நீட்டிக் காட்டினால் பிரித்துவிடலாம்; விட்டதும் உடனே திரும்பி வந்தால் அது சூட்டால் இல்லை. ஆனால் அப்போது அவளிடம் இருந்த இழைகள் விடும்போது தொய்ந்துவிடும், திரும்பி வராது. "நேர்ல எனக்குக் காட்டு, கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது சமரீன் சொன்னாள். "சூடுன்னுட்டாங்க, பிரியா. அத்தன வருசத்தையும் ஒரே வார்த்தையில சூடுன்னுட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் கேட்டது நியாயம் என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

அதற்குப் பிறகு அவள் நிலைமையைப் பார்க்கவே முடியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், இரண்டு வாய் அள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். குழம்பின் பதத்தை மாற்றினாள், பிளாஸ்டிக்கை மாற்றினாள், இழுக்கிற ஊசியை மாற்றினாள். தூக்கத்திலும் நடக்கிறாள் என்று அவள் அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். ஆய்வுக் காலத்தை நீட்டித்துக் கொடுத்ததும் முடியப்போகிறது, இனி நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லிவிட்டது. மேடம் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். போடாவிட்டால் எல்லாம் மண்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால்தான் புது இழை வசப்பட்டது. நீட்டினாள், பற்கள் நகர்ந்தன. விட்டாள், திரும்பி வந்தன. நானும் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். லீவு முடிந்து கல்லூரி திறக்கிற அன்றைக்கே மேடத்தை வரச்சொல்லி ஏற்பாடு ஆகிவிட்டது.

எங்கள் துறையில் ஆயுத பூஜையை விடமாட்டார்கள். எல்லாக் கருவிகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, சூடம் காட்டுவார்கள். அதெல்லாம் எங்கள் உதவியாளர் பாஞ்சாலி அக்காவின் பொறுப்பு. ஒப்பந்த வேலை. ஆனால் அந்தக் கட்டடமே தன்னுடையது என்பதுபோலத்தான் பெருக்குவார்.

திறந்த அன்று காலையில் நான் போனபோது சமரீன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். அறை முழுக்கப் பொட்டு. ஆசிலோஸ்கோப்புக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, லேசர் பெட்டிக்குப் பொட்டு. அவளுடைய நீட்டுமேடைக்கும் பொட்டு. நீட்டுமேடை என்றால் உள்ளங்கை அளவு இரும்புத் தட்டு. ஒரு பக்கம் அசையாத கவ்வி, இன்னொரு பக்கம் திருகைத் திருகினால் மயிரிழை மயிரிழையாக நகரும் கவ்வி. இரண்டுக்கும் நடுவில்தான் இழையை ஒட்டுவாள்.

"தொடச்சுட்டு ஆரம்பிடி" என்றேன்.

"மேலதான இருக்கு, இருக்கட்டும்."

"லென்சு பக்கம் தூள் பறந்தா?"

"பிரியா, நீ தொடச்சா தொடச்சதோட போச்சு. நான் தொடச்சா அது வேற மாதிரி ஆயிடும்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அப்படியெல்லாம் யார் நினைக்கப்போகிறார்கள் என்று சண்டைக்குப் போக வாயைத் திறந்தேன். நினைப்பவர்களின் முகம் ஒன்றிரண்டு கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

முதல் இழையை இழுத்தாள். அழகாக வந்தது. ஒட்டினாள், லேசரைப் போட்டாள், பற்கள் வந்து நின்றன. திருகைத் தொட்டுத் திருப்பினாள். பற்கள் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நகரவில்லை. இன்னும் கொஞ்சம். இழை பட்டென்று அறுந்தது.

இன்னொன்று இழுத்தாள். அதுவும் அப்படியே. அடுத்ததும். "மழைக்கு ஈரம் புடிச்சுடுச்சு" என்றாள். புதுக் குழம்பு கரைத்தாள். அதிலும் அறுந்தது. "என் கையிதான் போச்சு" என்றாள். ஜன்னலுக்கு ஓடினாள், மேஜைக்கு வந்தாள், துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் தொற்றிக்கொண்டு, நானும் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். இரண்டு பேரும் அந்தச் சின்ன அறையில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டோம். மேடம் சேலத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாகக் குப்புராஜ் சார் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். தொப்பூர் கணவாயில் லாரி ஏதாவது மடங்கி நின்று வழி அடைத்துக்கொள்ளாதா என்று ஒரு நொடி வேண்டிக்கொண்டேன். சீச்சீ, என்ன நினைப்பு இது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சமரீன் திடீரென்று நின்றாள். இழை இல்லாமலே திருகைத் திருப்பினாள். கவ்வி அசையவில்லை. இன்னும் திருப்பினாள். சும்மா இருந்த கவ்வி சடக்கென்று ஒரு துள்ளு துள்ளி நின்றது. மொபைல் டார்ச்சைப் போட்டு மேடையின் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், குனிந்து பார்த்தாள். அப்புறம் டார்ச்சை என்னிடம் கொடுத்தாள்.

கவ்வி ஓடுகிற தடத்தின்மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். தண்ணீராகக் கரைத்து வைத்திருக்கிறார்கள். தடத்துக்குள்ளும் திருகின் மரைக்குள்ளும் இறங்கி, லீவு முழுக்கக் காய்ந்து கெட்டித்துப்போயிருந்தது. மேடையைக் கழற்றி, ஊறவைத்து, துடைத்து, மறுபடி சரிபார்த்துப் பூட்ட அரைநாள் ஆகும்.

அந்த நேரம் பார்த்துப் பாஞ்சாலி அக்கா டீயோடு உள்ளே வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ, அக்கா, மரியாதை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"யாருக்கா இங்க சந்தனத்த வெக்கச் சொன்னது? மிஷினுக்குள்ள ஊத்தி வெச்சிருக்கீங்க! இன்னிக்கு இவ வாழ்க்கையே போகப்போவுது, தெரியுமா?"

அக்கா பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு என்னை விட்டுவிட்டுச் சமரீனைப் பார்த்துப் பேசினார்.

"போன வருசம் நீதான கண்ணு கேட்ட? 'எல்லாத்துக்கும் வெச்சீங்க, எம் மிஷினு மட்டும் என்னக்கா பாவம் பண்ணுச்சு'ன்னு. நான் வேணும்னு வுடல கண்ணு, நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு வுட்டேன். நீ கேட்டது மனசுல கெடந்து அறுத்துச்சு. அதான் இந்த வருசம் மொதல்ல உன்னதுக்குத்தான் வெச்சேன். உனக்குப் பரிச்சைன்னு சார் பேசிக்கிட்டாரு. மேல வெச்சத யாராச்சும் தொடச்சுட்டாலும் பின்னால ஒண்ணு இருக்கட்டும்னு மறைவா வெச்சேன். இப்படி ஆவும்னு எனக்கென்ன தெரியும்?"

டீ டம்ளர் தட்டில் கிடுகிடுவென்று ஆடியது. கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கொட்ட இடமே இல்லை.

சமரீன் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "அக்கா, நீங்க கீழ போங்க. யாரு கேட்டாலும் இந்தப் பேச்ச எடுக்காதீங்க" என்றாள்.

"சார் கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

அக்கா போனதும் என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். வாயத் தொறந்தா கொன்னுடுவேன்." குப்புராஜ் சாருக்குத் தெரிந்தால் அக்காவின் வேலை அன்றைக்கே போய்விடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சார் வந்தார். பின்னாலேயே, தொப்பூரில் ஒரு தடையும் இல்லாமல், சகாயமேரி மேடமும் வந்துவிட்டார்.

"ரெடியா?" என்றார் சார்.

"ஸ்டேஜ் சிக்கிக்கிச்சுங்க சார். காலையில வந்ததும் செக் பண்ணியிருக்கணும். நான் பண்ணல."

சாரின் முகம் சிவந்தது. "பண்ணலையா? இன்னிக்குன்னு தெரிஞ்சும் பண்ணலையா? அஞ்சு வருசமா என்னத்தம்மா கிழிச்ச?" மேடம் நிற்பதையும் பார்க்காமல் கத்தினார். சமரீன் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்காவின் தட்டு ஆடியது ஞாபகம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வேற ஒரு நாள் வெச்சுக்கலாமா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"வேற நாளு கெடையாதுங்க மேடம்" என்றாள் சமரீன். "இன்னைக்கே காட்டறேன். கையில இழுத்துக் காட்டறேன்."

"கையிலயா? எவ்வளவு நீட்டினேன்னு எப்படி அளப்ப?"

"அளவு எல்லாம் என் பழைய கணக்குல இருக்குங்க மேடம். முன்னால போறது பின்னால வருதான்னு மட்டும் இன்னைக்குப் பாருங்க."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

சமரீன் புதிதாக ஒரு இழை இழுத்தாள். ஒரு முனையை அசையாத கவ்வியில் ஒட்டினாள். இழை லேசர் படும் இடத்தைவிட்டு விலகாமல் இருக்க அதை ஒரு கண்ணாடித் துண்டின் விளிம்பில் படியவைத்தாள். மறுமுனையைத் தபால் அட்டைத் துணுக்கு ஒன்றில் ஒட்டி, அந்த அட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். நான் லேசரைப் போட்டேன்.

பற்கள் திரையில் வந்தன. ஆனால் நிற்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன. இழைதான் சரியில்லையோ என்று பார்த்தேன். இழை சரியாகத்தான் இருந்தது. சமரீனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்டெடி, ஸ்டெடி" என்று சார் பல்லைக் கடித்தபடி சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நடுக்கம் அதிகமானது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளப் போனாள்.

"வேண்டாம், பிடிக்காதே" என்றார் மேடம்.

அவர் பாதுகாப்புக் கண்ணாடி வழியாக அவள் விரலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார். விரல் ஒரு முறை அசைந்தால் பற்கள் ஒரு முறை அசைந்தன. விரல் பின்னால் வந்தால் பற்களும் அந்த நொடியே பின்னால் வந்தன.

"இப்ப நல்லா இழு" என்றார்.

இழுத்தாள். பற்கள் நடுங்கிக்கொண்டே கூட்டமாக மஞ்சள் பக்கம் போயின.

"விடு."

விட்டாள். நடுங்கிக்கொண்டே கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்ந்தன.

மேடம் நாற்காலியில் சாய்ந்தார். "சூடு இவ்வளவு வேகமா போயிட்டுத் திரும்பி வராது. சூட்டுக்குக் கை நடுக்கமும் தெரியாது" என்றார். பிறகு குப்புராஜ் சாரிடம் திரும்பி, "எங்க கையெழுத்துப் போடணும், குடுங்க" என்றார்.

சார் மேஜை டிராயரைத் தடுமாறித் தடுமாறித் திறந்தார். நான் ஓவென்று கத்தியிருப்பேன், மேடம் இருக்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

சமரீன் மட்டும் அட்டையை விடவில்லை. இழுத்தாள், விட்டாள். மறுபடி இழுத்தாள், விட்டாள். அவள் கண்ணிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"போதும்மா, வெச்சுடு" என்றார் மேடம்.

"இன்னும் ஒரு வாட்டி பாருங்க மேடம்."

"பாத்துட்டேன்மா."

"நல்லாப் பாத்துக்கங்க மேடம். அப்புறம் சூடுன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன். நீ விடு."

அவள் விடவில்லை. விட அவளுக்குத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். திரையில் பற்கள் அப்போதுதான் நின்றன.